கோடை லீவில் தீம் பார்க் வேலை: புதுச்சேரி, கடலூரில் ரூம் எடுத்துப் படிக்கிறவர்கள் சேருமுன் பார்க்க வேண்டியது

#1 பெண்ணைக்கரை
லாஸ்பேட்டையில் ரூம் எடுத்துத் தங்கி பி.எஸ்சி. படிக்கிறேன். ஊர் திருக்கோவிலூர் பக்கம். செமஸ்டர் முடிந்ததும் மே, ஜூன் இரண்டு மாதத்துக்கு ஈசிஆர் பக்கம் ஒரு வாட்டர் பார்க்கில் ஆள் எடுக்கிறார்கள். ரைடு, குளம், கவுண்டர், ஃபுட் கோர்ட் என்று நாலு பிரிவு. எதைக் கேட்டு வாங்குவது? சேருமுன் என்னென்ன விசாரிக்க வேண்டும்? நீச்சல் தெரியும், ஆனால் கிணற்று நீச்சல்தான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 முள்ளோடை_பார்டர்
தம்பி, முதலில் அந்த பார்க் எந்த அரசின் எல்லைக்குள் இருக்கிறது என்று பாருங்கள். ஈசிஆரில் இது குழப்பமான விஷயம். முத்தியால்பேட்டை தாண்டிக் கோட்டக்குப்பம் வந்தால் தமிழ்நாடு. பொம்மையார்பாளையம் கடந்து காலாப்பட்டு வந்தால் மறுபடி புதுச்சேரி. கனகசெட்டிகுளம் தாண்டினால் திரும்பவும் தமிழ்நாடு. தெற்கே கடலூர் ரோட்டில் முள்ளோடைதான் எல்லை. குறைந்தபட்சக் கூலியை இரண்டு அரசும் தனித்தனியாக அறிவிக்கின்றன. அதனால் "பக்கத்து பார்க்கில் இவ்வளவு தருகிறார்கள்" என்று ஒப்பிடுவதற்கு முன் அது எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் 2021இல் வந்த கடைகள், நிறுவனங்கள் சட்டத் திருத்தமும் உண்டு. ஊழியருக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும். பொதுக் கேளிக்கை இடங்களும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. எட்டு மணி நேரம் நிற்கிற வேலையில் இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது, உங்களை வேலைக்கு வைப்பது பார்க்கா, ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சியா? பல இடங்களில் சீசன் ஆட்கள் எல்லாருமே ஏஜென்சி கணக்கில்தான் இருப்பார்கள். அப்படியானால் பணி நியமனக் கடிதத்தில் ஏஜென்சி பெயர் இருக்கும், சம்பளமும் அங்கிருந்துதான் வரும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். இரண்டு மாத வேலைதானே என்று வாய்ப்பேச்சில் சேராதீர்கள். அசல் மார்க் ஷீட்டைக் கேட்டால் கொடுக்க வேண்டாம், நகல் போதும். டெபாசிட் கட்டச் சொன்னால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். உங்கள் பங்கு 0.75 சதவீதம், அவர்கள் பங்கு 3.25 சதவீதம். 'கையில் கூடுதலாக வரும்' என்று சொல்லி இஎஸ்ஐ வேண்டாம் என எழுதி வாங்கப் பார்ப்பார்கள், கையெழுத்துப் போடாதீர்கள். வேலை செய்யும்போது அடிபட்டால் கிடைக்கும் உதவித்தொகைக்கு இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. சேர்ந்த முதல் நாளே வழுக்கி விழுந்து கை முறிந்தாலும் உரிமை உண்டு. ஈரத் தரையில் நாள் முழுக்க நடக்கிற ஒருவருக்கு இதைவிடத் தேவையான காகிதம் வேறு இல்லை.

#3 காலாப்பட்டு_அக்கா
கூலி பற்றி மேலே சொல்லிவிட்டார்கள், நான் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். "பார்க் மாலை ஆறு மணிக்கு மூடும்" என்பார்கள். அது பார்வையாளருக்கு. ஊழியர் வெளியே வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்: டியூப் எல்லாம் எண்ணி அடுக்க வேண்டும், லாக்கர் சாவி சரிபார்க்க வேண்டும், குளத்தை ஒரு சுற்று பார்க்க வேண்டும். அதனால் "கையெழுத்துப் போட்டு வெளியே வருவது எத்தனை மணிக்கு" என்று கேளுங்கள். ஹாஸ்டலாக இருந்தால் கேட் மூடும் நேரத்தோடு ஒத்துப்போகிறதா பார்த்துக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைகள் ஸ்டாஃப் வேன் இருக்கிறதா, அது எங்கே வரைக்கும் வந்து இறக்கிவிடும் என்பதையும் கேட்க வேண்டும். ஈசிஆர் ஓரத்தில் இருட்டில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டுவது சரிவராது. எக்ஸ்பிரஸ் வண்டிகள் பல இடங்களில் நிற்காமல் போய்விடும்.

இன்னொன்று, சனி ஞாயிறு லீவு கேட்காதே என்பார்கள், அது நியாயம்தான், கூட்டமே அன்றைக்குத்தான். ஆனால் வாரத்தில் ஒருநாள் ஓய்வு எந்தக் கிழமை என்று எழுதி வாங்கிக்கொள். ஜூன் கடைசியில் கல்லூரி திறந்த பிறகும் "வாரக்கடைசி மட்டும் வா" என்று இழுப்பார்கள். 75 சதவீத வருகைப் பதிவு போனால் பரீட்சை எழுத முடியாது. அதை முதலிலேயே சொல்லி, எந்தத் தேதியோடு நிற்கிறாய் என்பதைக் கடிதத்தில் போடச் சொல்.

#4 ராட்டினம்_ஆபரேட்டர்
பிரிவு எது என்று கேட்டீர்கள். நீச்சல் பயிற்சி இல்லாத புது ஆளுக்கு உலர் ரைடில் (தண்ணீர் இல்லாத ராட்டினம் போன்றவை) உதவியாளர் வேலைதான் நல்லது. கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. ரைடை இயக்கும் பேனலில் நேராக உட்கார வைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு ரைடுக்கும் தனிப் பயிற்சி வேண்டும். ஒன்றில் பழகியவர் இன்னொன்றைத் தொடக் கூடாது.

காலை வேலை எப்படி இருக்கும் என்றால், கேட் திறப்பதற்கு முன் மெயின்டனன்ஸ் ஆட்கள் போல்ட், பின், வயர் ரோப், ஹைட்ராலிக் ஆயில் கசிவு எல்லாம் பார்ப்பார்கள். இங்கே கடற்காற்று உப்பு. லிமிட் சுவிட்ச், கேபிள் முனை, செயின் எல்லாம் கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களை விட வேகமாகத் துருப்பிடிக்கும். அதனால் நேற்று சரியாக இருந்தது என்பது இன்றைக்குச் செல்லாது. பிறகு ஆளில்லாமல் சில ஓட்டம். அதில் சத்தம் மாறுகிறதா, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா, எமர்ஜென்சி சுவிட்சை அழுத்தினால் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். லாக் புத்தகத்தில் (சோதனைப் பதிவேடு) நேரம் போட்டுக் கையெழுத்து. பார்க்காமல் கையெழுத்துப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். விபத்து விசாரணையில் முதலில் எடுக்கிற புத்தகம் அதுதான்.

ஆள் ஏற்றும்போது: உயரக் கோலில் நிறுத்திப் பார்க்க வேண்டும், செருப்பைக் கழற்றச் சொல்லி. 120 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தால் 118க்கு விடக் கூடாது. அந்த அளவு குழந்தை பயப்படுமா என்று பார்த்து வைத்ததில்லை, லேப் பார் (மடிமேல் அழுத்திப் பிடிக்கும் கம்பி) இடுப்பில் உட்காருமா, வயிற்றில் உட்காருமா என்று பார்த்து வைத்தது. லேப் பாரைக் கண்ணால் பார்த்தால் போதாது, ஒவ்வொன்றையும் கையால் மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். பெல்ட்டும் அப்படித்தான். வரிசை விடாமல், ஒரே திசையில், முதல் சீட்டில் தொடங்கி கடைசி சீட் வரை. நடுவில் யாராவது கூப்பிட்டு நின்றுபோனால் மறுபடி முதல் சீட்டிலிருந்து. பாதியில் விட்ட இடத்தை நினைவில் வைத்துத் தொடர்வதில்தான் ஒரு சீட் விட்டுப்போகிறது.

ஜெயன்ட் வீலில் ஒரு பக்கமாகவே ஆளை ஏற்றக் கூடாது. ஒரு பெட்டி ஏற்றினால் அதற்கு நேர் எதிர்ப் பெட்டிக்கு ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் கனமான பக்கம் தானாகக் கீழே இழுக்கும், மோட்டாரும் பிரேக்கும் திணறும். கொலம்பஸ் என்கிற ஊஞ்சல் கப்பலிலும் இரண்டு முனையிலும் சமமாக உட்கார வைக்க வேண்டும்.

கோ-கார்ட் இருந்தால் துப்பட்டாவும் தொங்கும் முடியும்தான் பெரிய ஆபத்து. பின் அச்சு திறந்து இருக்கும், சுழலும், முடி நுனி மாட்டினால் ஒரு நொடியில் இழுத்துவிடும். கொண்டை போட்டு ஹெல்மெட்டுக்குள் அடக்கி, துப்பட்டாவைக் கழற்றி வைத்தால்தான் வண்டி. "மெதுவாகத்தான் ஓட்டுவேன்" என்றாலும் கிடையாது.

#5 பெண்ணைக்கரை
நன்றி அண்ணா. கியூவில் நிற்கிறவர்கள் கத்தும்போது சூபர்வைசரே "சீக்கிரம் விடு" என்றால்?

#6 ராட்டினம்_ஆபரேட்டர்
அதற்குக் கணக்குதான் பதில். ஒரு ரைடில் 12 பேர், ஏற்றி இறக்குவது சேர்த்து 4 நிமிடம் என்றால் மணிக்கு 15 ஓட்டம், 180 பேர். கியூவில் 90 பேர் இருந்தால் கடைசி ஆளுக்கு அரை மணி. இதை நுழைவாயிலிலேயே சொல்லிவிட்டால் பாதிக் கூச்சல் அடங்கும். லேப் பார் இழுத்துப் பார்ப்பதை விட்டால் மிச்சமாவது ஓட்டத்துக்கு இருபது விநாடி. நேரம் வீணாவது அங்கே இல்லை. ஏறிய பிறகு செல்போன், செருப்பு, பையைக் கழற்றிக் கொடுப்பதில்தான் வீணாகிறது. அடுத்த 12 பேரை வாசலிலேயே அதைச் செய்யச் சொல்லித் தயாராக நிறுத்துங்கள், வேகம் தானாகக் கூடும்.

ரைடை நிறுத்த யாருக்கு அதிகாரம் என்று நேர்காணலில் கேளுங்கள். "சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம், திரும்ப ஓட்டுவதற்குத்தான் மெயின்டனன்ஸ் அனுமதி வேண்டும்" என்று பதில் வந்தால் நல்ல பார்க். "என்னைக் கேட்காமல் நிறுத்தாதே" என்றால் அங்கே ஃபுட் கோர்ட் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால் மேலே மாட்டிக்கொண்டவர்கள் தாமாக பெல்ட்டைக் கழற்றப் பார்ப்பார்கள். முதல் வேலை மைக்கில் பேசுவது: "யாரும் எழுந்திருக்க வேண்டாம், ஜெனரேட்டர் வருகிறது." கரண்ட் வந்ததும் உடனே ஓட்டக் கூடாது, இறக்கிவிட்டு ஒரு வெறும் ஓட்டம் பார்க்க வேண்டும். கோடை மழை இடியோடு வரும். மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் திறந்தவெளி ரைடும் குளமும் நிறுத்தம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திறப்பு.

#7 அலைக்குளம்
கிணற்று நீச்சல் தெரிந்தவர் நல்ல நீச்சல்காரராக இருக்கலாம், ஆனால் லைஃப் கார்டு வேலைக்கு அது போதாது தம்பி. கிணற்றில் உங்களை நீங்கள் காப்பாற்றினால் போதும். இங்கே பதறி உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் ஒருவரைப் பின்பக்கமாக அணுகி, ரெஸ்க்யூ டியூப் என்ற மிதவையைக் கொடுத்து, முகம் நீருக்கு மேலே இருக்கும்படி இழுத்து வர வேண்டும். ராஷ்ட்ரீய லைஃப் சேவிங் சொசைட்டி மாதிரி அமைப்புகளின் சான்றிதழ் உள்ளவர்தான் குளத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும். பயிற்சி தராமல் மஞ்சள் டிஷர்ட் மட்டும் கொடுத்து நாற்காலியில் ஏற்றினால் இறங்கி வந்துவிடுங்கள். உதவியாளராக நிற்பது வேறு, அதை ஏற்கலாம்.

எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது, மூழ்குகிறவர் கத்த மாட்டார். மூச்சு வாங்கவே வாய் போதாது. உடம்பு செங்குத்தாக நிற்கும், கை இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், தலை பின்னுக்குச் சாயும், வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழும் போகும். குழந்தை என்றால் விளையாடுகிற மாதிரியே தெரியும். இந்த நிலை 20 முதல் 60 விநாடிதான். அதனால்தான் 10 விநாடிக்குள் கண்டுபிடி, 20 விநாடிக்குள் போய்ச்சேர் என்று பழக்குகிறார்கள். உங்கள் பகுதியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 10 விநாடியில் கண்ணால் துழாவ முடியவில்லை என்றால் அந்தப் பகுதி உங்களுக்குப் பெரிது, இன்னொரு ஆள் கேட்க வேண்டும். அடித்தளம், நடு நீர், மேல்மட்டம் மூன்றையும் பார்க்க வேண்டும்.

அலைக் குளத்தில் டியூப் மிதவைகள்தான் எதிரி. அலை வரும்போது எல்லா டியூபும் ஒன்றாகச் சேர்ந்து மூடும், அதற்கடியில் ஒரு குழந்தை போனால் மேலிருந்து தெரியாது. அலை தொடங்குவதற்கு முன் மைக்கில் சொல்லி, சின்னக் குழந்தைகளை முழங்கால் ஆழத்துக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். சந்தேகம் வந்தால் முதலில் அலையை நிறுத்தும் பட்டனை அழுத்துங்கள், பிறகு விசில். விசில் கணக்கு பார்க்குக்கு பார்க் மாறும், முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீளமான ஒன்று பெரும்பாலும் "மீட்புக்கு இறங்குகிறேன்" என்பது. அப்படி ஒருவர் இறங்கினால் அவருடைய பகுதியைப் பக்கத்து ஆள் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாரும் ஓடிப்போய் ஒரே இடத்தில் கூடுவதால் மறுபக்கம் இன்னொருவர் மூழ்குவது நடக்கும்.

வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லை என்றால் முதலில் வாயோடு வாய் இரண்டு ஊதல், பிறகு நெஞ்சில் 30 அழுத்தம், இரண்டு ஊதல் என்று தொடர வேண்டும். பெரியவருக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. தண்ணீரில் மூழ்கியவருக்கு ஊதல் இல்லாத வெறும் அழுத்தம் போதாது, அவருக்குக் குறைவது ஆக்சிஜன். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது எல்லாம் நம் பக்கம் இன்னும் செய்கிறார்கள். நேரம் போகும், வாந்தி நுரையீரலுக்குள் போகும். செய்ய விடாதீர்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும், இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் 108 கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

#8 தேவனாம்பட்டினம்
ஸ்லைடு பற்றி யாரும் சொல்லவில்லையே. மாணவர்களைப் பெரும்பாலும் அங்கேதான் நிறுத்துகிறார்கள். மேலே ஒருவர், கீழே வந்து விழும் ஸ்பிளாஷ் பூலில் ஒருவர். கீழே இருப்பவர் பச்சைக்கொடியோ கையோ காட்டிய பிறகுதான் மேலே இருப்பவர் அடுத்த ஆளை விட வேண்டும். நொடி எண்ணி விடுவது தப்பு. நடுவில் மாட்டிக்கொண்டவர் மேல் அடுத்தவர் வந்து மோதுவதுதான் ஸ்லைடில் வழக்கமான காயம், அதிலும் முன்னவர் கனமில்லாத குழந்தை, பின்னவர் கனமான ஆள் என்றால் விலா எலும்பு போகும். பம்ப் டிரிப் ஆகித் தண்ணீர் குறைந்தால் சத்தமே மாறும். உடனே நிறுத்த வேண்டும், காய்ந்த ஃபைபரில் தோல் உரிந்துவிடும்.

நம் ஊர்க்காரர்களிடம் பார்க்க வேண்டியவை தனி. அரைஞாண் கயிற்றில் தொங்கும் வெள்ளித் தாயத்து, கொலுசு, ஜீன்ஸ் பொத்தான், ஜிப், எல்லாம் ஸ்லைடைக் கீறும், டியூபைக் குத்தும், ஆளையும் கிழிக்கும். தாலிச் சரடைக் கழற்றச் சொல்லாதீர்கள், சண்டைதான் வரும். ஜாக்கெட்டுக்குள் விட்டு மேலே டிஷர்ட் போடச் சொல்லுங்கள், பெண் ஊழியர் சொன்னால் உடனே கேட்பார்கள். புடவை, பாவாடையோடு விடவே கூடாது. தண்ணீரில் விரிந்து காலைச் சுற்றிக்கொள்ளும். பருத்தித் துணி வேண்டாம், நைலான் போடு என்று சொல்வது பார்க்காரர்கள் வாடகை வாங்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பருத்தி நூல் பிரிந்து ஃபில்டரை அடைப்பது உண்மை.

#9 பிளான்ட்_ரூம்
வேதியியல் படிக்கிறவன் என்று தெரிந்தால் குளோரின் போடும் வேலைக்கு அனுப்புவார்கள். நீரைச் சோதிப்பது வரை போங்கள். அது நல்ல அனுபவம். எடுத்த நீரில் டிபிடி என்ற சோதனை மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பு வரும், நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். கட்டற்ற குளோரின் (எதோடும் சேராமல் மிச்சமிருப்பது) 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), பிஎச் 7.2 முதல் 7.8. கோடை வெயிலில் குளோரின் வேகமாகச் சிதையும், மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தால் காலையில் இருந்தது பாதிகூட இருக்காது. அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சோதனை வேண்டும்.

கணக்கு எளிது: ஒரு லட்சம் லிட்டருக்கு 1 பிபிஎம் ஏற்ற 100 கிராம் குளோரின். கையில் இருப்பது 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் சுமார் 155 கிராம்.

#10 முள்ளோடை_பார்டர்
தண்ணீர் நாறினால் குளோரின் அதிகம் என்றுதானே அர்த்தம்?

#11 பிளான்ட்_ரூம்
இல்லை, பெரும்பாலும் நேர்மாறு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து குளோரமைன் ஆகிறது. மூக்கை அரிக்கும் அந்த வாடையும் கண் எரிச்சலும் அதிலிருந்துதான் வருகின்றன. கட்டற்ற குளோரின் தீர்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். குளிக்காமல் குளத்தில் இறங்காதீர்கள் என்று போர்டு வைப்பது இதற்காகத்தான்.

ஆனால் மருந்து கலக்கும் வேலையை மாணவர் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆசிடும் குளோரினும் ஒரே வாளியில் பட்டால் குளோரின் வாயு. டிசிசிஏ (இன்னொரு வகைக் குளோரின்) மாத்திரை அள்ளிய கரண்டியை ஹைப்போகுளோரைட் டிரம்மில் விட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கும். தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆட்கள் குளத்தில் இருக்கும்போது நேராகக் கொட்டக் கூடாது. கையுறை, கண்ணாடி, முகமூடி மூன்றும் இல்லாமல் "இந்த வாளியைக் கொண்டுபோய் ஊற்றிட்டு வா" என்றால் முடியாது என்று சொல்லுங்கள்.

#12 காலாப்பட்டு_அக்கா
உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. மே மாதம் கத்திரி வெயில், கடலோரப் புழுக்கம். வியர்வை காயாது, உடம்பு குளிராது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். மதியத்துக்குப் பிறகு வெறும் தண்ணீர் மட்டும் போதாது. நீராகாரம், உப்புப் போட்ட மோர், இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலை தட்டி அளந்து. கூட வேலை பார்ப்பவர் உளற ஆரம்பித்தால், நடை தடுமாறினால் அது வெறும் களைப்பு இல்லை. நிழலுக்கு இழுத்துப் படுக்க வைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108 கூப்பிட வேண்டும்.

கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வராத வாட்டர் பார்க் ஊழியர் குறைவு. ஷூ வேண்டாம், பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பு. ரூமுக்கு வந்ததும் விரலிடுக்கைத் துடைத்துக் காய வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். யூனிஃபார்ம் இரண்டு செட் கேட்டு வாங்கு, ஈரம் காயாமல் மறுநாள் போட்டால் தொடையில் படை வரும்.

#13 தேவனாம்பட்டினம்
புதுச்சேரிப் பக்கம் வாரக்கடைசியில் குடித்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். வாக்குவாதம் செய்யாமல் "ரைடு விதி சார், மாலை வரை உட்கார்ந்துவிட்டு வாங்க" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லி செக்யூரிட்டியைக் கூப்பிடுங்கள். தனியாகக் கையைப் பிடித்துத் தள்ளாதீர்கள். ஸ்லைடில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

குழந்தை காணவில்லை என்று தாய் வந்தால் முதலில் குளத்து ஆட்களுக்கு வயர்லெஸ், அடுத்து வெளி கேட். மைக்கில் குழந்தையின் பெயரையும் சட்டை நிறத்தையும் சொல்லக் கூடாது, யார் வேண்டுமானாலும் "என் பிள்ளைதான்" என்று வந்து நிற்கலாம். வந்தவரிடம் அடையாளத்தை நீங்கள் கேட்க வேண்டும்.

கவுண்டர் வேலை கிடைத்தால்: யுபிஐ கட்டியதற்கு அவர்கள் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம், ஸ்பீக்கர் சத்தமோ உங்கள் மெஷினோ சொல்ல வேண்டும். ஷிஃப்ட் தொடங்கும்போது சில்லறையை எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் முந்தைய ஆளின் குறையும் உங்கள் தலையில் விழும்.

#14 பெண்ணைக்கரை
வியாழக்கிழமை நேர்காணல். உலர் ரைடு உதவியாளர் என்றே கேட்கப்போகிறேன். என்ன எடுத்துப்போக வேண்டும்?

#15 முள்ளோடை_பார்டர்
ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்க நகல், கல்லூரி அடையாள அட்டை நகல், இரண்டு போட்டோ. பழைய யுஏஎன் (பிஎஃப் பொது எண்) இருந்தால் அதுவும், அந்த எண் ஆயுளுக்கும் ஒன்றுதான், புதிதாக இன்னொன்று போட விடாதே. சேர்ந்த பிறகு தினமும் வருகைப் பதிவேட்டில் உன் வரியை போனில் படம் எடுத்து வை. நேரம் கூடினால் கூடுதல் மணிக்கு இரட்டைக் கூலி. நீயாக நின்றாலும் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடித்துத் தர வேண்டும் என்பது இப்போதைய சட்டம்.

#16 ராட்டினம்_ஆபரேட்டர்
முடிந்தால் புதன்கிழமையே ஒரு டிக்கெட் எடுத்து உள்ளே போய்ப் பாருங்கள். ஏதாவது ஒரு ரைடு பக்கத்தில் பத்து ஓட்டம் நின்று கவனியுங்கள். ஆபரேட்டர் பத்து ஓட்டத்திலும் எல்லா லேப் பாரையும் இழுத்துப் பார்க்கிறாரா, போன் பார்க்கிறாரா, ஆள் மாறும்போது பேனல் சாவியைக் கையில் கொடுத்து மாற்றுகிறார்களா, இல்லை பேனலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்களா. நேர்காணலில் அவர்கள் சொல்வதைவிட இது சரியான தகவல்.